ஆமென் இல்லாத இறுதிச் சடங்கு

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் புனித பேதுரு தேவாலயம் என்று ஒன்று இருக்கிறது. அதன் கோபுரக் கடிகாரம்தான் ஐரோப்பாவின் தேவாலயக் கடிகாரங்களிலேயே பெரியது. முகப்பின் குறுக்களவு 8.7 மீட்டர். 1991 ஏப்ரல் 9 அன்று அந்தத் தேவாலயத்துக்குள் ஒரு சவப்பெட்டி வைக்கப்பட்டிருந்தது. அதில் இருந்தவர் மாக்ஸ் ஃப்ரிஷ். ஜெர்மன் மொழியின் பெரிய நாடகாசிரியர், நாவலாசிரியர். எண்பது வயது முடிய சில வாரங்களே இருந்தபோது காலமானார். கடவுள் இருக்கிறார் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். எந்த மதத்தையும் ஒத்துக்கொள்ளாதவர்.

அந்த நிகழ்ச்சியில் போதகர் இல்லை. ஜெபம் இல்லை, ஆசீர்வாதம் இல்லை. ஃப்ரிஷின் துணைவியார் ஒரு சிறு குறிப்பை வாசித்தார். ஃப்ரிஷே எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்பு அது. நெருக்கமானவர்கள் மட்டும் பேசினால் போதும், 'ஆமென்' வேண்டாம், சவப்பெட்டியை உள்ளே வைக்க அனுமதித்த தேவாலயத்தாருக்கு நன்றி, சாம்பலை எங்கேயாவது தூவிவிடுங்கள் என்பது அதன் சாரம். இரண்டு நண்பர்கள் பேசினார்கள். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அந்த விருந்துக்கு என்னென்ன பதார்த்தம் என்பதையும் அவரே முன்கூட்டி முடிவு செய்து வைத்திருந்தாராம்.

அன்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் யூர்கன் ஹாபர்மாஸ். ஜெர்மனியின் தத்துவ அறிஞர், ஃப்ரிஷின் நண்பர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அன்றைக்கு அவருக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை. வந்திருந்த பெரும்பாலோர் அவரைப் போன்ற படிப்பாளிகள், தேவாலயப் பக்கம் போகாதவர்கள். பதினாறு வருஷம் கழித்து, 2007-ல், ஒரு கட்டுரையை அந்த நிகழ்ச்சியைச் சொல்லித்தான் ஆரம்பித்தார். மதமே வேண்டாம் என்று வாழ்ந்த மனிதர் கடைசி விடைபெறலுக்கு ஏன் தேவாலயத்தைத் தேர்ந்தெடுத்தார்? மதச் சடங்கை ஒதுக்கிவிட்ட நவீன மனிதன் மரணத்தை எதிர்கொள்ள அதற்கு ஈடாக ஒன்றை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பதைத்தான் ஃப்ரிஷ் அந்த இடத்தின் மூலம் சொன்னாரோ? இது ஹாபர்மாஸின் கேள்வி.

இந்தக் கட்டுரை என் கண்ணில் பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. தொலைபேசித் துறையில் என்னோடு வேலை பார்த்த ஒருவர், சங்கத்தில் எனக்கு மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வாழ்நாள் முழுக்க சாமி கும்பிடாதவர். அவர் விருப்பப்படியே சடங்கு எதுவும் இல்லாமல் மின்மயானத்துக்குக் கொண்டுபோனோம். சிவப்புத் துணி போர்த்தினோம், இரண்டு பேர் பேசினோம். அதற்கப்புறம் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கிளம்புவதா, நிற்பதா? கை கட்டி நின்றுகொண்டே இருந்தோம். மயானத் தொழிலாளி வந்து, "ஆச்சுங்களா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. அதற்குச் சில மாதங்கள் கழித்துச் சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஹாபர்மாஸின் சிறு நூல் ஒன்று கிடைத்தது. இங்கிலீஷ் மொழிபெயர்ப்புதான். முதல் பக்கத்தைப் படித்ததும் அந்தத் தொழிலாளியின் குரல்தான் காதில் விழுந்தது. அதிலிருந்து இவருடைய மற்ற சில நூல்களையும் தேடிப் படித்தேன். கடினமான எழுத்து, ஒத்துக்கொள்கிறேன். எனக்குப் புரிந்த அளவில் இங்கே சொல்கிறேன்.

ஹாபர்மாஸ் பிறந்தது 1929 ஜூன் 18, டுசல்டார்ஃப் நகரில். வளர்ந்தது கும்மர்ஸ்பாக் என்ற சிற்றூரில். தாத்தா புராட்டஸ்டண்ட் போதகர். அப்பா அந்த ஊரின் தொழில் வணிக மன்றத்தில் பொறுப்பில் இருந்தவர். 1933-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். பையனுக்குப் பிறவியிலேயே அண்ணப் பிளவு. சிறு வயதிலேயே அறுவைச் சிகிச்சை, பிறகும் பேச்சு தெளிவாக வராது, பள்ளியில் கேலி. வாழ்நாள் முழுவதும் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிப் புரிந்துகொள்வதைப் பற்றியே எழுதியவருக்குப் பேசுவதே சிரமமாக இருந்திருக்கிறது. 2004-ல் ஜப்பானில் கியோட்டோ பரிசு வாங்கியபோது இதை அவரே மனம் விட்டுச் சொன்னார்.

அந்தத் தலைமுறைப் பையன்கள் எல்லோரையும் போல அவரும் ஹிட்லர் இளைஞர் அணியில் இருந்தவர்தான். போர் முடிந்தபோது வயது பதினைந்து. நியூரம்பர்க் விசாரணையை வானொலியில் கேட்டார், வதைமுகாம்களின் படங்களைப் பார்த்தார். இத்தனை நாள் சாதாரணமாக வாழ்ந்தது ஒரு குற்றவாளி அரசாங்கத்தின் கீழே என்பது அப்போதுதான் உறைத்தது. 1953-ல், இருபத்து நாலு வயதில், ஜெர்மனியின் மிகப் பெரிய தத்துவ மேதை என்று கொண்டாடப்பட்ட ஹைடெக்கரை எதிர்த்துப் பத்திரிகையில் எழுதினார். ஹைடெக்கர் தம் 1935-ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளை அந்த வருஷம் நூலாக வெளியிட்டபோது, நாஜி இயக்கத்தைப் புகழ்ந்த வரியை ஒரு விளக்கமும் இல்லாமல் அப்படியே விட்டிருந்தார். பெரியவர் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டார் இந்த இளைஞர். அதோடு ஊரறிந்த பெயரானார்.

பிறகு ஃப்ராங்ஃபர்ட்டில் அடோர்னோவுக்கு உதவியாளர். அடோர்னோ, ஹார்க்ஹைமர் இருவரும் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போய்த் திரும்பி வந்தவர்கள், மார்க்சிய வழி வந்தவர்கள். 1964-ல் ஹார்க்ஹைமரின் பேராசிரியர் இடத்துக்கே ஹாபர்மாஸ் வந்தார். 1981-ல் இரண்டு பெரிய பாகங்களாக வந்த 'தொடர்பாடல் செயல் கோட்பாடு' அவருடைய முக்கியமான நூல். அதில் மதத்தைப் பற்றி அவர் எண்ணியது இதுதான்: பழைய காலத்தில் சமூகத்தைக் கட்டிவைத்தது புனிதம் என்ற அச்சமும் மரியாதையும். அந்த இடத்தை மெல்ல மெல்ல மனிதர்கள் பேசி எட்டும் உடன்பாடு எடுத்துக்கொள்கிறது. அதாவது மதம் செய்த வேலையைப் பேச்சு செய்துவிடும். நம் ஊரிலும் ஐம்பது, அறுபதுகளில் பகுத்தறிவுக் கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. படிப்பு பரவினால் பக்தி தானாகக் குறையும் என்று நாங்களும் நம்பினோம்.

மதமும் அரசும் ஜெர்மனியில் முழுக்கப் பிரிந்தவை அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பதிவு பெற்ற சபையின் உறுப்பினர்களிடம் அரசாங்கமே சபை வரி வசூலித்துக் கொடுக்கிறது. வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதம். 1949-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் முகவுரையில் கடவுளுக்கு முன் உள்ள பொறுப்பு பேசப்படுகிறது. ஆனால் சாசனத்தின் முதல் விதி மனித மாண்பு மீறப்படக்கூடாதது என்பதுதான். அங்கே கடவுள் இல்லை. 1995-ல் பவேரியா மாநில வகுப்பறைகளில் சிலுவை மாட்டவேண்டும் என்ற விதி செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாநிலம் முழுக்க ஒரே கொந்தளிப்பு. அந்த வருஷம் முடிவதற்குள் பவேரியா ஒரு புதுச் சட்டம் போட்டது: சிலுவை இருக்கும், பெற்றோர் ஆட்சேபித்தால் பேசித் தீர்க்கலாம். இப்படி இழுபறியாகவே ஓடிக்கொண்டிருந்தது.

2001 அக்டோபர் 14. ஜெர்மன் புத்தக வணிகர்களின் அமைதிப் பரிசை வாங்க ஹாபர்மாஸ் ஃப்ராங்ஃபர்ட்டின் பவுல்ஸ்கிர்ஷ மண்டபத்தில் நின்றார். பெயரே 'பவுலின் தேவாலயம்' என்றுதான். 1848-ல் ஜெர்மன் மக்களின் முதல் தேசியப் பேரவை கூடியது அங்கேதான். 1944-ல் குண்டு விழுந்து எரிந்தது. நூற்றாண்டுக்காக 1948-ல் திரும்பக் கட்டினார்கள், மறுபடி தேவாலயமாக அல்ல, பொதுக் கூட்ட மண்டபமாக. நியூயார்க் கோபுரங்கள் விழுந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. நாத்திகரான ஹாபர்மாஸ் மத வெறியை ஒரு பிடி பிடிப்பார் என்று எதிர்பார்த்து வந்திருந்தவர்கள் இருந்திருப்பார்கள். தலைப்பு, 'நம்பிக்கையும் அறிவும்'.

வெறியை அவர் ஆதரிக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மதச்சார்பற்றவர்களைப் பார்த்துத்தான் அதிகம் பேசினார். நாம் பாவம் என்ற சொல்லைக் குற்றம் என்று மாற்றிக்கொண்டோம், கடவுளின் கட்டளையை மீறியது என்பதை மனிதச் சட்டத்தை மீறியது என்று மாற்றிக்கொண்டோம். அந்த மாற்றத்தில் ஏதோ ஒன்று தொலைந்துபோனது என்றார். குற்றத்துக்குத் தண்டனை உண்டு. செய்ததைச் செய்யாததாக ஆக்க வழி இல்லை. மன்னிப்பு கேட்கும் ஆசையில் அந்த முடியாத ஆசையும் சேர்ந்தே இருக்கிறது. கொல்லப்பட்டவனுக்கு எந்த நீதிமன்றமும் எதையும் திருப்பித் தர முடியாது. உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கை போன இடம் காலியாகவே இருக்கிறது.

தமிழில் இந்த இடம் எனக்கு இன்னும் கொஞ்சம் நன்றாகவே புரிகிறது. 'குற்றம்' என்றால் குற்றம்தான். 'பாவம்' அப்படி அல்ல. செய்தவனும் பாவம் செய்தவன், பட்டவனைப் பார்த்தும் "ஐயோ, பாவம்" என்கிறோம். ஜெர்மன் மொழியில் இந்த வசதி கிடையாது.

அந்த மண்டபத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் ஃப்ராங்ஃபர்ட்டின் பழைய நகரமன்றக் கட்டடம். 1963 டிசம்பரில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் வேலை பார்த்தவர்கள் மீதான வழக்கு அங்கேதான் தொடங்கியது. ஃப்ரிட்ஸ் பவர் என்ற யூத வழக்கறிஞர், நாடு கடந்து தப்பித் திரும்பியவர், பிடிவாதமாக நின்று நடத்திய வழக்கு. சாதாரணக் கொலைச் சட்டத்தின் கீழ்தான் விசாரணை. யார், என்று, யாரைக் கொன்றார் என்று தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். 1965 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தபோது பதினேழு பேருக்குத் தண்டனை, அதில் ஆறு பேருக்கு ஆயுள். மூன்று பேர் விடுதலை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்ட இடத்துக்கு இதுதான் அந்த வழக்கின் கணக்கு. ஹாபர்மாஸ் தம் உரையில் இந்த வழக்கைச் சொன்னதாக நான் சொல்லவில்லை. அவர் சொன்னதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான். அவர் நினைவுபடுத்தியது வேறொன்று: 1937-ல் ஹார்க்ஹைமர் தம் நண்பர் வால்டர் பெஞ்சமினுக்கு எழுதியது. நடந்த அநீதி நடந்து முடிந்ததுதான், கொல்லப்பட்டவர்கள் கொல்லப்பட்டவர்கள்தான், அதை மாற்றலாம் என்றால் கடைசித் தீர்ப்பு நாளைத்தான் நம்பவேண்டும் என்று நாத்திகராக அவர் எழுதினார். மூன்றே வருஷத்தில் பெஞ்சமினே நாஜிகளுக்குத் தப்பி ஓடும் வழியில் ஸ்பெயின் எல்லையில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

உரையின் இன்னொரு பகுதி மரபணு விஞ்ஞானம் பற்றியது. பெற்றோர் தங்களுக்கு வேண்டிய குணத்தோடு குழந்தையை வடிவமைக்கும் காலம் வந்தால் என்ன ஆகும்? பைபிளில் மனிதன் தேவசாயலாகப் படைக்கப்பட்டான் என்று இருக்கிறது. அதை நம்பாதவனும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார் ஹாபர்மாஸ். படைத்தவனும் படைக்கப்பட்டவனும் ஒரே தட்டில் இல்லை என்பதால்தான், படைக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் சமமாக, சுதந்திரமாக இருக்கிறார்கள். ஒரு மனிதனே இன்னொரு மனிதனை வடிவமைத்தால் அந்தச் சமத்துவம் உடைந்துவிடாதா? நம்பிக்கை இல்லாத ஒருவர் வேதாகமத்தின் முதல் அதிகாரத்தை இப்படிப் படித்துப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது.

இதைவிடப் பெரிய பரபரப்பு 2004 ஜனவரி 19 அன்று ம்யூனிக் நகரில். பவேரியக் கத்தோலிக்க அகாதெமி ஹாபர்மாஸையும் கர்தினால் ஜோசப் ராட்ஸிங்கரையும் ஒரே மேடையில் உட்காரவைத்தது. அழைக்கப்பட்ட சிலர் மட்டுமே பார்வையாளர்கள். ராட்ஸிங்கர் அப்போது வாட்டிகனில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் தலைவர். பழைய காலத்தில் மத விசாரணை மன்றம் என்று உலகம் நடுங்கிய அமைப்பின் வாரிசு அது. அடுத்த வருஷம் ஏப்ரலில் அவரே பதினாறாம் பெனடிக்ட் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனார்.

வெளியே பார்த்தால் எதிரும் புதிருமான இருவர். ஆனால் வயதில் இரண்டே வருஷ வித்தியாசம். ராட்ஸிங்கர் 1927-ல் பிறந்தவர். அவர் பெயரும் ஹிட்லர் இளைஞர் அணியில் பதிவாகியிருந்தது. பதினாறு வயதில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் படைக்கு உதவியாளாக இழுக்கப்பட்டவர், போர் முடிந்தபோது அமெரிக்கர்களிடம் கைதி. 1960-களின் மாணவர் கிளர்ச்சி இருவரையும் உரசியது. ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தின் கொந்தளிப்பு பொறுக்காமல் ராட்ஸிங்கர் ரீகன்ஸ்பர்க்குக்குப் போனார். ஹாபர்மாஸ் மாணவர்கள் பக்கம்தான் நின்றார். ஆனால் அவர்களில் சிலரின் போக்கை 'இடதுசாரி பாசிசம்' என்று சொல்லித் தன் ஆட்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அன்றைய கேள்வி பழையது. எர்ன்ஸ்ட் வோல்ஃப்காங் போக்கன்ஃபோர்டே என்ற சட்ட அறிஞர் 1964-ல் எழுப்பியது. கத்தோலிக்கர், அதே நேரம் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர், பின்னாளில் அரசியல் சாசன நீதிமன்ற நீதிபதி. அவர் சொன்னது சுருக்கமாக: சுதந்திரமான, மதச்சார்பற்ற அரசு சில அடிப்படைகளின் மேல் நிற்கிறது, அந்த அடிப்படைகளை அந்த அரசால் உத்தரவாதப்படுத்த முடியாது. இதை நம் வீட்டுக் கணக்காகப் பார்க்கலாம். வரி கட்டு என்று சட்டம் சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரன் கஷ்டத்தில் இருந்தால் மனம் இரங்கு என்று சட்டம் சொல்ல முடியாது. ஓட்டுப் போடும்போது தன் லாபத்தை மட்டும் பார்க்காதே என்றும் சொல்ல முடியாது. சொல்லிக் கட்டாயப்படுத்தினால் அது சுதந்திர அரசாக இருக்காது. அப்படியானால் அந்த இரக்கம் எங்கிருந்து வருகிறது? முன்னோர் மதத்திலிருந்து சேர்த்துவைத்த முதலை நாம் தின்றுகொண்டிருக்கிறோமா?

ஹாபர்மாஸ் முதலில் தம் பக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஜனநாயக அரசியல் சாசனத்துக்குக் கடவுளின் கையெழுத்து தேவை இல்லை. குடிமக்கள் தாங்களே கூடிப் பேசிச் சட்டம் செய்கிறார்கள், அந்த முறையே அதற்கு நியாயம் தருகிறது என்றார். பிறகுதான் 'ஆனால்' வந்தது. வாழ்க்கையின் மூலை முடுக்கெல்லாம் சந்தை புகுந்துவிட்டால், மனிதர்கள் தனித்தனி அணுக்களாகி, தங்கள் உரிமைகளை ஒருவர் மேல் ஒருவர் ஆயுதமாகப் பிடிப்பார்கள். கூடி வாழும் உணர்ச்சி வற்றிவிடும். அந்த ஊற்று எங்கெல்லாம் இன்னும் சுரக்கிறதோ அதையெல்லாம் அரசு பேணிக் காப்பது அதற்கே நல்லது. கெட்டுப்போன வாழ்க்கை, இழிவுபடுத்தப்பட்ட வாழ்க்கை பற்றிய ஒரு நுண்ணுணர்வை மதச் சமூகங்கள் காப்பாற்றி வைத்திருக்கின்றன. நிபுணர்களிடம் அது இல்லை என்றார்.

கர்தினாலும் எதிர்பாராத விதத்தில் இறங்கி வந்தார். மதத்துக்கு நோய்கள் உண்டு, பயங்கரவாதத்தில் அதைப் பார்த்தோம், மதத்தைப் பகுத்தறிவு கண்காணிக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டார். அதே மூச்சில் பகுத்தறிவுக்கும் நோய் உண்டு என்றார். அணுகுண்டைச் செய்தது அதுதான், மனிதனையே உற்பத்திப் பொருளாக்கப் பார்ப்பதும் அதுதான். ஒன்றை ஒன்று திருத்திக்கொண்டு, உலகத்தின் மற்றப் பண்பாடுகளுக்கும் காது கொடுத்துப் போகவேண்டும் என்பது அவர் முடிவு.

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல். மேடையில் காது கொடுக்கச் சொன்ன கர்தினாலின் அலுவலகம் உள்ளே அப்படி நடந்துகொள்ளவில்லை. ஏழைகள் பக்கம் நின்று எழுதிய பிரேசில் பாதிரியார் லியோனார்டோ போஃபை 1985-ல் வாய் மூடி இருக்கச் சொன்னது அந்த அலுவலகம்தான். நமக்கு அருகில் இலங்கையில், மரியன்னையைப் பற்றி ஒரு நூல் எழுதியதற்காகத் திஸ்ஸ பாலசூரிய பாதிரியாரை 1997 ஜனவரியில் சபையிலிருந்தே விலக்கினார்கள். ஒரு வருஷம் கழித்துத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஹாபர்மாஸ் இதையெல்லாம் கேட்டிருக்கலாம். 1933 ஜூலையில் வாட்டிகன் ஹிட்லர் அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தையும் கேட்டிருக்கலாம். இருபத்து நாலு வயதில் ஹைடெக்கரைக் கேட்டவர் எழுபத்து நாலு வயதில் கர்தினாலைக் கேட்கவில்லை. விருந்தாளியாகப் போன இடத்து மரியாதையோ என்னவோ.

அவர் சொன்ன வழியில் அரசியலுக்கு நேரடியாக உதவுவது 'மொழிபெயர்ப்பு' என்ற யோசனை. பொதுவெளியில், கூட்டத்தில், பத்திரிகையில், பக்தன் தன் பக்தி மொழியிலேயே பேசட்டும், தடுக்காதே. ஆனால் நாடாளுமன்றம், நீதிமன்றம், அரசாணை என்ற வாசலுக்குள் நுழையும்போது எல்லோருக்கும் புரியும், எல்லோரும் எடைபோடக்கூடிய பொதுமொழியில்தான் பேச வேண்டும். ஒரு மதத்தாரின் வேதவாக்கு இன்னொருவர் மேல் சட்டமாக விழக்கூடாது. இதுவரை பலரும் சொன்னதுதான். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். ஹாபர்மாஸ் கூடுதலாகச் சொன்னது, அந்த மொழிபெயர்ப்பின் சுமையைப் பக்தன் தலையில் மட்டும் வைக்காதே என்பது. நம்பிக்கை இல்லாதவனும் உட்கார்ந்து கேட்க வேண்டும், அந்தப் பேச்சில் தனக்கும் ஏதோ ஒரு உண்மை இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு கேட்க வேண்டும், மொழிபெயர்ப்பில் கைகொடுக்க வேண்டும். மார்ட்டின் லூதர் கிங் பிரசங்கியாகப் பேசியதும் அமெரிக்க காங்கிரஸ் 1964-ல் நிறைவேற்றிய சிவில் உரிமைச் சட்டத்தின் வாசகமும் ஒரே மொழி அல்ல. இரண்டுக்கும் நடுவே யாரோ உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள்.

இரு பக்கமும் அடி விழுந்தது. இத்தாலிய நாத்திக அறிஞர் பாவ்லோ ஃப்ளோரஸ் தார்காய்ஸ், ஹாபர்மாஸ் மதத்துக்கு அளவுக்கு மேல் இடம் கொடுத்துவிட்டார், ஜனநாயகத்தில் 'கடவுள் சொன்னார்' என்பது வாதமே இல்லை என்று சாடினார். அமெரிக்கக் கிறிஸ்தவ அறிஞர் நிக்கோலஸ் வோல்டர்ஸ்டார்ஃப் போன்றவர்களுக்கு நேர்மாறான வருத்தம்: நம்பிக்கையை வாசலில் செருப்பு மாதிரிக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்றால் உண்மையான விசுவாசி எப்படி வருவான்? என் மனசு முதலாமவர் பக்கம்தான் முதலில் சாய்ந்தது, பழக்கதோஷம். நாற்பது வருஷம் சங்கக் கூட்டங்களில் உட்கார்ந்து, கோயில் நன்கொடைப் பேச்சு வந்தாலே முகம் சுளித்தவன் நான். அந்தக் கூட்டங்களில் நியாயமான குறையை "மேலே இருக்கிறவன் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கான்" என்று ஆரம்பித்த ஊழியர்களை எத்தனை முறை பாதியில் நிறுத்தியிருக்கிறேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அவர்கள் சொல்லவந்தது சம்பளப் பாக்கி பற்றி. நான் கேட்டது 'மேலே இருக்கிறவன்' என்ற சொல்லை மட்டும்.

இதெல்லாம் படித்துவிட்டு ஹாபர்மாஸ் மனம் மாறிவிட்டார் என்று சிலர் எழுதினார்கள். இல்லை. மாக்ஸ் வேபரின் சொல்லை எடுத்து, மத விஷயத்தில் தமக்கு இசைக்காது கிடையாது என்றே சொல்லிவந்தார். வயதாகிவிட்டது, பக்தி வரவில்லை என்றும் ஒரு பேட்டியில் சொன்னார். போப்பாண்டவரான பிறகு ராட்ஸிங்கர் 2006 செப்டம்பரில் ரீகன்ஸ்பர்க்கில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். இஸ்லாத்தைப் பற்றி ஒரு பழைய பைசாந்தியச் சக்கரவர்த்தி சொன்னதை அதில் எடுத்துக்காட்டியதால் பல நாடுகளில் போராட்டம் வெடித்தது. அந்தச் சத்தத்தில் உரையின் நடுக்கருத்து அமுங்கிவிட்டது. கிரேக்கப் பகுத்தறிவும் கிறிஸ்தவ விசுவாசமும் பிரிக்க முடியாதவை, அவற்றைப் பிரித்ததுதான் நவீன காலத்தின் தவறு என்பது அவர் வாதம். ஹாபர்மாஸ் இதை மறுத்தார். அந்தப் பிரிவு நடந்திராவிட்டால் நவீன விஞ்ஞானமும் இல்லை, கான்ட்டின் சுயாட்சி ஒழுக்கமும் இல்லை, இன்றைய ஜனநாயகமும் இல்லை என்றார். சூரிச் இறுதிச் சடங்கைச் சொல்லித் தொடங்கிய 2007-ஆம் ஆண்டுக் கட்டுரை இந்த மறுப்போடுதான் வந்தது. ம்யூனிக்கில் ஜேசு சபைப் பாதிரியார்களோடு உட்கார்ந்து அதையே விவாதித்தார்.

தொண்ணூறு வயதில், 2019-ல், நம்பிக்கைக்கும் அறிவுக்கும் இடையே மேற்கில் நடந்த நீண்ட உரையாடலின் வரலாற்றை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். 1,700 பக்கத்துக்கு மேல். அதை நான் படிக்கவில்லை, படிக்கப் போவதுமில்லை. என் கண்ணுக்கு அந்தத் தெம்பு இல்லை.

மொழிபெயர்ப்பு யோசனை நாடாளுமன்றத்துக்குச் சரி. மின்மயானத்துக்கு உதவுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். பாவத்தைக் குற்றம் என்று மாற்றலாம், தேவசாயலை மனித மாண்பு என்று மாற்றலாம். 'ஆமென்' என்பதை என்னவென்று மாற்றுவது? ஃப்ரிஷ் அதை மாற்றப் பார்க்கவில்லை. சொல்லை விட்டுவிட்டுக் கட்டடத்தை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டார்.

ராட்ஸிங்கர் 2022 டிசம்பர் 31 அன்று காலமானார். 2023 ஜனவரி 5 அன்று ரோமில், அதே புனித பேதுருவின் பெயரால் அமைந்த பேராலயத்தின் சதுக்கத்தில், அவருக்குப் பின் வந்த போப்பாண்டவர் பிரான்சிஸ் தலைமையில் முழு முறைப்படி இறுதிச் சடங்கு நடந்தது. பனிமூட்டமான காலை. தொலைக்காட்சியில் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையல் அறையிலிருந்து வந்த என் மனைவி, "யாருங்க அது?" என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் என்ன செய்யணும்னு தெரிஞ்சிருக்கு பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அண்ணனின் இறுதிச் சடங்குக்கு அவளும் வந்திருந்தாள்.